ஒரே அதிர்வெண் கொண்ட சைன் அலைகளைக் கூட்டுதல்: தொகுபயனின் வீச்சையும் கட்டத்தையும் காணும் முறை

ஒரு மின்தடையையும் ஒரு கம்பிச்சுருளையும் தொடராக இணைத்து, அவற்றின் வழியே மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்துவதாகக் கொள்வோம். மின்தடையின் முனைகளில் வோல்ட்மீட்டர் 30 வோல்ட் காட்டுகிறது. சுருளின் முனைகளில் 40 வோல்ட் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்து மூலத்தின் முனைகளில் அளந்தால், 70 வோல்ட்டை எதிர்பார்த்த மாணவருக்கு ஏறத்தாழ 50 வோல்ட்தான் கிடைக்கிறது. கருவியில் பழுது இல்லை. கூட்டல் விதியும் பொய்க்கவில்லை. ஒவ்வொரு கணத்திலும் இரு மின்னழுத்தங்களும் நேராகவே கூடுகின்றன, ஆனால் அவை தத்தம் உச்சத்தை ஒரே கணத்தில் தொடுவதில்லை. மின்தடையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் சுருளின் அழுத்தம் சுழியைக் கடந்துகொண்டிருக்கிறது. ஆகவே தனித்தனி வீச்சுகளைக் கூட்டினால் கிடைக்கும் எண், கூட்டு அலையின், அதாவது தொகுபயனின், வீச்சாக அமைவதில்லை. அந்த வீச்சையும், அதனுடன் இணைபிரியாத கட்டத்தையும் பிழையின்றிக் காணும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு: சில பாடநூல்களில் வீச்சு என்பது வீச்சம் என்றும், கட்டம் என்பது அவத்தை என்றும், அதிர்வெண் என்பது மீடிறன் என்றும் வழங்கும். பொருள் ஒன்றே.

குறியீடுகளையும் முதலிலேயே வரையறுத்துக்கொள்வோம். கோண அதிர்வெண்ணை நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் கோணத்தை ‘ஓ’ என்று குறிப்போம். அது நேரத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும் கோணம். வீச்சை ‘வீ’ என்றும், கட்டத்தை ‘க’ என்றும் குறித்தால், எந்த ஒரு சைன் வகை அலையையும் பின்வருமாறு எழுதலாம்:

வீ கோசைன்(ஓ + க)

அலைகள் அனைத்துக்கும் அதிர்வெண் ஒன்றாகவே இருந்தால், ‘ஓ’ எல்லாவற்றுக்கும் பொது. அப்போது ஓர் அலையை இன்னோர் அலையிலிருந்து வேறுபடுத்துபவை வீ, க என்னும் இரண்டு எண்கள் மட்டுமே. இரண்டு எண்களால் முழுமையாக அறியப்படும் ஒன்றைத் தளத்தில் ஓர் அம்பாக வரைந்துவிடலாம்: அம்பின் நீளம் வீச்சு, கிடை அச்சோடு அது இடஞ்சுழியாக அமைக்கும் கோணம் கட்டம். இந்த அம்பையே கட்ட வெக்டர் என்கிறோம். அலைகளைக் கூட்டுவது இந்த அம்புகளைக் கூட்டுவதற்குச் சமம் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. மற்றவை அனைத்தும் அதைக் கவனமாகச் செயல்படுத்துவதற்கான வழிகள்.

இது ஏன் உண்மையாகிறது என்பதை இரண்டே வரிகளில் காட்டிவிடலாம். கோசைனின் கூட்டல் சூத்திரத்தின்படி,

வீ கோசைன்(ஓ + க) = (வீ கோசைன் க) கோசைன் ஓ − (வீ சைன் க) சைன் ஓ

வலப்புறத்தில் அடைப்புக்குறிக்குள் உள்ளவை வெறும் மாறிலிகள். அவை முறையே அம்பின் கிடைக்கூறும் செங்குத்துக்கூறும் ஆகும். அவற்றை ‘கி’, ‘செ’ என்று அழைப்போம். எத்தனை அலைகளைக் கூட்டினாலும் கோசைன் ஓ உறுப்புகள் தனியாகவும், சைன் ஓ உறுப்புகள் தனியாகவும் சேர்ந்துகொள்வதால், கூட்டுத்தொகையும் ‘கி கோசைன் ஓ − செ சைன் ஓ’ என்ற அதே வடிவத்தில் நிற்கிறது. அதாவது அதே அதிர்வெண் கொண்ட இன்னொரு சைன் அலையாகவே நிற்கிறது. இந்தப் பண்பைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ஒன்றுக்கொன்று சற்று விலகிய இரு முக்கோண அலைகளைக் கூட்டினால் முக்கோண அலை கிடைப்பதில்லை, உச்சி தட்டையாகிவிடுகிறது. எவ்வளவு விலக்கிக் கூட்டினாலும் வடிவம் மாறாத இயல்பு சைன் அலைக்கு உண்டு என்பதால்தான், வீச்சு, கட்டம் ஆகிய இரண்டை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்ற நிலை உருவாகிறது.

கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பெரும்பாலான தவறுகள் கூட்டலில் நிகழ்வதில்லை. அதற்கு முந்தைய ஆயத்தத்தில்தான் நிகழ்கின்றன. எனவே இந்தப் பகுதியில் அவசரம் கூடாது.

முதலில், எல்லா அலைகளின் அதிர்வெண்ணும் உண்மையில் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். ஒன்று 50 ஹெர்ட்ஸ் என்றும் மற்றொன்று நொடிக்கு 314.16 ரேடியன் என்றும் தரப்பட்டிருந்தால், இரண்டும் ஒன்றே. அதன்பின் எல்லா அலைகளையும் ஒரே வடிவத்துக்கு, அதாவது நேர்க்குறி வீச்சுடன் கூடிய கோசைன் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பின்வரும் உறவுகள் போதுமானவை:

சைன் ஓ = கோசைன்(ஓ − 90°)
−சைன் ஓ = கோசைன்(ஓ + 90°)
−கோசைன் ஓ = கோசைன்(ஓ + 180°)

எல்லாவற்றையும் சைன் வடிவத்துக்கு மாற்றினாலும் கணக்கு அதே போலத்தான் நடக்கும். இறுதி விடையும் சைன் வடிவத்தில் வரும். ஆனால் பாதியைச் சைனாகவும் பாதியைக் கோசைனாகவும் விட்டுவைத்துக் கட்டங்களைக் கூறுகளாக்கினால், விடை 90° பிசகிய அம்புகளின் கலவையாகிவிடும். ஓடும் கோணம் எதிர்க்குறியோடு வரும் இடங்களிலும் கவனம் தேவை. கோசைன்(40° − ஓ) என்பது கோசைன்(ஓ − 40°) ஆகும். அதன் கட்டம் −40°, +40° அன்று.

கட்டம் நேரடியாகத் தரப்படாமல் நேரத் தாமதமாகவோ பாதை வேறுபாடாகவோ தரப்படுவதும் உண்டு. தாமதத்தை அலைவு நேரத்தால் வகுத்து 360° ஆல் பெருக்கினால் கட்டப் பின்னடைவு கிடைக்கும்; பாதை வேறுபாட்டை அலைநீளத்தால் வகுத்துப் பெருக்கினாலும் அவ்வாறே. ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், 340 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். ஆகவே கேட்பவரிடமிருந்து 25 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் உள்ள ஒலிபெருக்கியின் அலை 90° பின்தங்கி வந்து சேரும். பின்தங்குதல் என்றால் கட்டத்துக்கு எதிர்க்குறி.

கூறுகளாகப் பிரித்துக் கூட்டுதல்

ஆயத்தம் முடிந்தபின் செய்ய வேண்டியது நேரடியானது. ஒவ்வோர் அலையையும் இரு கூறுகளாகப் பிரித்து, கிடைக்கூறுகளை ஒன்றாகவும் செங்குத்துக்கூறுகளை ஒன்றாகவும் கூட்டுகிறோம்:

கி = வீ1 கோசைன் க1 + வீ2 கோசைன் க2 + …
செ = வீ1 சைன் க1 + வீ2 சைன் க2 + …
வீ = √(கி² + செ²)
டேன்ஜென்ட் க = செ ÷ கி

ஓர் எளிய எடுத்துக்காட்டு: 3 கோசைன் ஓ + 4 சைன் ஓ. இரண்டாவது அலை 4 கோசைன்(ஓ − 90°) ஆவதால், அதன் கிடைக்கூறு 0, செங்குத்துக்கூறு −4. ஆகவே கி = 3, செ = −4, வீ = 5, க = −53.13°. விடை 5 கோசைன்(ஓ − 53.13°). இங்கே செங்குத்துக்கூறை +4 என்று எடுத்துக்கொள்ளும் தவறு மிகவும் பரவலானது. சைனுக்கு முன் கூட்டல் குறி இருப்பதால் கூறும் நேர்க்குறியுடையது என்று தோன்றிவிடுகிறது. ஆனால் மேலே கண்ட விரிவில் ‘செ’ கழித்தல் குறியோடுதான் நிற்கிறது. முதலிலேயே கோசைனாக மாற்றிவிட்டால் இந்தக் குழப்பம் எழுவதே இல்லை என்பதால்தான் ஆயத்தத்தை வலியுறுத்தினேன்.

தொடக்கத்தில் கண்ட மின்சுற்றும் இதே 3, 4, 5 செங்கோண முக்கோணம்தான். அங்கே சுருளின் அழுத்தம் 90° முந்துவதால் (சுருளின் சொந்த மின்தடை புறக்கணிக்கத்தக்கது என்று கொண்டால்) மொத்த அழுத்தம் மின்னோட்டத்தைவிட 53.13° முந்தும். வோல்ட்மீட்டர் காட்டுபவை உச்ச மதிப்புகள் அல்ல, இருமடி சராசரி மூல மதிப்புகள் (சைன் அலைக்கு உச்ச மதிப்பை √2 ஆல் வகுத்தால் கிடைப்பவை). எனினும் எல்லாவற்றையும் ஒரே வகை மதிப்பில் வைத்துக்கொள்ளும் வரை, √2 என்ற பொதுக் காரணி கூட்டலைப் பாதிப்பதில்லை.

இனி, சற்றுக் கடினமான ஒன்றை முழுமையாகச் செய்து பார்ப்போம்:

6 கோசைன்(ஓ + 150°) + 4 சைன்(ஓ − 20°)

இரண்டாவது அலையைக் கோசைனாக மாற்றினால் 4 கோசைன்(ஓ − 110°). முதல் அலையின் கூறுகள் −5.196, 3.000. இரண்டாவதன் கூறுகள் −1.368, −3.759. கூட்டினால் கி = −6.564, செ = −0.759. வீச்சு √(43.09 + 0.58) = 6.61 ஆகும். கட்டத்துக்காக −0.759 ÷ −6.564 என்ற விகிதத்தைக் கணிப்பானில் இட்டு நேர்மாறு டேன்ஜென்ட்டை எடுத்தால், அது 6.6° என்று காட்டும். இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இரு கூறுகளும் எதிர்க்குறி கொண்டவை; அம்பு மூன்றாம் கால்பகுதியில் கிடக்கிறது. வகுத்தபோது இரு கழித்தல் குறிகளும் ஒன்றையொன்று நீக்கிவிட்டதால், அம்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்ற தகவலே கணிப்பானுக்குப் போய்ச் சேரவில்லை. நேர்மாறு டேன்ஜென்ட் எப்போதும் −90°க்கும் 90°க்கும் இடைப்பட்ட கோணத்தையே தரும்; அதாவது அம்பு வலப்புறம் நோக்குவதாகவே அது எடுத்துக்கொள்ளும். எனவே விதி இதுதான்: கி நேர்க்குறியாக இருந்தால் கணிப்பான் தந்த கோணத்தை அப்படியே ஏற்கலாம், கி எதிர்க்குறியாக இருந்தால் அதனுடன் 180° கூட்ட வேண்டும், கி சுழியானால், செ-யின் குறியைப் பொறுத்துக் கட்டம் 90° அல்லது −90°. நம் கணக்கில் கட்டம் 186.6°, அல்லது அதற்குச் சமமான −173.4°. விடை:

6.61 கோசைன்(ஓ − 173.4°)

கணினியில் செய்பவர்கள் இரண்டு உள்ளீடுகளை ஏற்கும் நேர்மாறு டேன்ஜென்ட் சார்பைப் பயன்படுத்தினால், கால்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான நிரல் மொழிகளில் ‘ஏடேன்2’ என்று வழங்கும் அச்சார்புக்குச் செங்குத்துக்கூறை முதலிலும் கிடைக்கூறை அடுத்தும் தர வேண்டும். எக்செல் போன்ற விரிதாள்களில் இந்த வரிசை தலைகீழ்: கிடைக்கூறுதான் முதலில். விடை ரேடியனில் வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கணக்கை முடித்ததும் இரண்டு கணங்களில் விடையைச் சோதித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஓ = 0 எனும்போது மூல அலைகளின் கூட்டுத்தொகை −5.196 − 1.368 = −6.564, நம் விடையில் 6.61 கோசைன்(−173.4°) என்பதும் ஏறத்தாழ −6.56. கட்டத்தை 6.6° என்று தவறாக எழுதியிருந்தால் +6.56 வந்து, பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். ஓ = 90° எனும்போது மூல அலைகள் −3 + 3.759 = 0.759 தருகின்றன, விடையும் 0.76 தருகிறது. ஒரு கணத்தில் மட்டும் சோதித்தால் கட்டத்தின் குறி தவறியிருப்பது தெரியாமல் போகலாம். கால் அலைவு இடைவெளியில் இரு கணங்களைச் சோதித்தால் இரு கூறுகளும் உறுதியாகிவிடும். எண்களைத் தொடுமுன் அம்புகளைத் தாளில் கைவாக்காக வரைந்து, தொகுபயன் எந்தத் திசையில் விழும் என்று முன்கூட்டியே கணிப்பதை இன்னும் உயர்ந்த சோதனையாகக் கருதுகிறேன்.

சில குறுக்குவழிகள்

அலைகள் இரண்டு மட்டுமே இருந்து, அவற்றின் கட்ட வேறுபாடு ‘வே’ என்றால், வீச்சுக்கு நேரடிச் சூத்திரம் உண்டு:

வீ² = வீ1² + வீ2² + 2 வீ1 வீ2 கோசைன் வே

கட்ட வேறுபாடு சுழியானால் வீச்சுகளின் கூடுதலும், 180° ஆனால் வித்தியாசமும் கிடைக்கும். வேறு எந்த நிலையிலும் விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். இந்த எல்லைக்கு வெளியே ஒரு விடை வந்தால், மேலே பார்க்காமல் கணக்கைத் திருப்பிச் செய்யலாம். சம வீச்சு கொண்ட இரு அலைகளுக்குத் தொகுபயனின் வீச்சு 2 வீ1 கோசைன்(வே ÷ 2) ஆகும். கட்டம் இரண்டுக்கும் நட்டநடுவில் அமையும். வேறுபாடு 120° எனில் இரண்டு அலைகள் சேர்ந்தும் ஒன்றின் வீச்சே கிடைக்கிறது. அதே 120° இடைவெளியில் மூன்றாவது அலையும் சேர்ந்தால் அது எதிர்த்திசையில் நின்று எல்லாவற்றையும் சுழியாக்கிவிடும். மூன்று கட்ட மின்வழங்கலில் சுமைகள் சமமாக இருக்கும்போது நடுநிலைக் கம்பியில் மின்னோட்டம் ஓடாமைக்கு இதுவே காரணம். இரு கட்டங்களின் அழுத்தங்களைக் கூட்டாமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், கட்ட அழுத்தத்தைப் போல் √3 மடங்கு கிடைக்கும். 230 வோல்ட் என்பது 398 வோல்ட் ஆவது அப்படித்தான்.

சம வீச்சு கொண்ட பல அலைகள் ஒரே அளவான கட்டப்படிகளில் அடுத்தடுத்து வந்தால், அலைகளின் எண்ணிக்கையைப் படியின் பாதியால் பெருக்கி, அந்தக் கோணத்தின் சைனைப் படியின் பாதிக் கோணத்தின் சைனால் வகுத்து, ஒற்றை அலையின் வீச்சால் பெருக்க வேண்டும். நான்கு அலைகள், படி 30° எனில், சைன் 60° ÷ சைன் 15° = 3.35 மடங்கு, கட்டம் முதல் அலைக்கும் கடைசி அலைக்கும் நடுவே, அதாவது முதல் அலையிலிருந்து 45° தள்ளி. ஒளியின் விளிம்பு விளைவுக் கீற்றணியை (சம இடைவெளியில் நெருக்கமான பல கீற்றுகள் கொண்ட தகட்டை) ஆராயும்போது இந்த வாய்பாடே பயன்படுகிறது.

கலப்பெண்களில் பழக்கம் உள்ளவர்கள் கிடைக்கூறை மெய்ப்பகுதியாகவும், செங்குத்துக்கூறைக் கற்பனைப் பகுதியாகவும் எழுதிக்கொள்ளலாம். கூட்டல் முற்றிலும் அதேதான். சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1893இல் இந்த முறையை மாறுதிசை மின்சுற்றுகளுக்குக் கொண்டுவந்தபின், வகைக்கெழுச் சமன்பாடுகளோடு போராட வேண்டியிருந்த கணக்குகள் எளிய இயற்கணிதமாக மாறின. ஆனால் இரு அலைகளின் பெருக்கற்பலன் வேண்டுமெனில் அவற்றின் கட்ட வெக்டர்களைக் கலப்பெண்களாகப் பெருக்கக் கூடாது. அலைகளின் பெருக்கற்பலன் இரட்டை அதிர்வெண்ணும் ஒரு மாறிலியும் கொண்டது, அதை ஒரே அம்பால் காட்ட இயலாது.

விடை நம்பகமற்றதாகும் இடங்கள்

இரு அலைகள் ஏறத்தாழ ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் நிலையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 10 வீச்சுடைய இரு அலைகளின் கட்ட வேறுபாடு 179° என்றால் தொகுபயன் 0.175, 178° என்றால் 0.349. ஒரு பாகை அளவிலான சிறு பிழை விடையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. இத்தகைய இடங்களில் இடைநிலை எண்களை இரண்டு தசமங்களோடு முழுமைப்படுத்தினால், எஞ்சுவது விடையன்று, முழுமைப்படுத்தலின் பிழை. தொகுபயன் முற்றிலும் சுழியானால் கட்டம் என்பதற்கே பொருளில்லை; கணினி ஏதேனும் ஒரு கோணத்தைக் காட்டினாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அதிர்வெண்கள் வேறுபட்டால் மாறாத வீச்சு என்று ஒன்று இராது. 256 ஹெர்ட்ஸ், 260 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேரும்போது அம்புகளுக்கு இடையிலான கோணம் நொடிக்கு நான்கு முறை முழுச் சுற்று சுற்றிவருவதால், ஒலி நொடிக்கு நான்கு முறை ஓங்கித் தாழ்கிறது; இவையே விம்மல்கள். கடல் ஓதங்களிலும் இதே நிகழ்வைக் காணலாம். நிலவால் எழும் முதன்மை ஓதத்தின் அலைவு நேரம் 12.42 மணி, சூரியனால் எழுவது 12 மணி. இவை சேர்ந்து ஏறத்தாழ 14.8 நாள்களுக்கு ஒருமுறை பெருத்தும் சிறுத்தும் வருகின்றன. ஒவ்வொரு கணத்திலும் வீச்சு இன்னது என்று சொல்ல மேற்கண்ட சூத்திரம் உதவும். ஆனால் ‘வே’ அங்கே நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும்.

அளவீடுகளிலிருந்து வீச்சும் கட்டமும்

கூட்டு அலையின் உறுப்புகள் தெரியாமல், அளந்த மதிப்புகள் மட்டுமே கையில் இருக்கும் நிலையும் உண்டு. அதிர்வெண் தெரிந்திருந்தால், ஒரு முழு அலைவில் கால் அலைவு இடைவெளியில் நான்கு அளவீடுகள் எடுத்தாலே போதும். முதல் அளவீட்டிலிருந்து மூன்றாவதைக் கழித்துப் பாதியாக்கினால் கி; நான்காவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால் செ. எடுத்துக்காட்டாக 9, 2, 3, 10 என்று அளந்திருந்தால், கி = 3, செ = 4; வீச்சு 5, கட்டம் 53.13°. அலையோடு கலந்திருந்த 6 என்ற மாறா மதிப்பு கழித்தலிலேயே நீங்கிவிட்டதைக் கவனிக்கலாம். 50 ஹெர்ட்ஸ் அலையாக இருந்தால் அலைவு நேரம் 20 மில்லிநொடி என்பதால், இந்தக் கட்டம் 2.95 மில்லிநொடி முந்துதலுக்குச் சமம்.

முதல், மூன்றாம் அளவீடுகளின் கூடுதலும் இரண்டாம், நான்காம் அளவீடுகளின் கூடுதலும் சமமாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் 12. சமமாக இல்லையெனில் அலையில் வேறு அதிர்வெண்ணோ இரைச்சலோ கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் சமமாக இருப்பதாலேயே அலை தூய்மையானது என்று முடிவு கட்டவும் கூடாது, ஏனெனில் மும்மடங்கு அதிர்வெண் கொண்ட கலப்பு இந்தச் சோதனையில் அகப்படாமல் கி, செ இரண்டுக்குள்ளும் புகுந்துவிடும். ஐயம் இருந்தால் ஒரு முழு அலைவில் சம இடைவெளியில் கூடுதலான அளவீடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அந்தக் கணத்தின் கோசைன் ஓ-வால் பெருக்கிச் சராசரி கண்டு இரட்டிப்பாக்கினால் கி கிடைக்கும். சைன் ஓ-வால் பெருக்கிச் சராசரி கண்டு இரட்டிப்பாக்கி, குறியை மாற்றினால் செ கிடைக்கும். அங்கிருந்து வீச்சுக்கும் கட்டத்துக்கும் போகும் வழி, கால்பகுதிச் சோதனை உட்பட, முன்பு கண்டதேதான்.